செப்பு கேட்ட பிள்ளை

பென்ஷனுக்காக வருஷத்துக்கு ஒருமுறை கருவூலத்தில் போய் நின்று, இன்னும் சாகவில்லை என்று நிரூபித்துவிட்டு வரும் என் வயதுக்காரர்களே, இது உங்களுக்கு. இளையவர்கள் படித்தால் தடையில்லை. ஆனால் இதில் வரும் சாமான்களில் பாதி என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. மனிதர்களில் பாதிப் பேரை நம்பமாட்டார்கள்.

இந்த ஆண்டு அதற்காகச் சேவை மையத்துக்குப் போனேன், விரல்ரேகைப் பெட்டி என்னை ஏற்கவில்லை. கட்டைவிரலை வைத்தேன், மறுத்தது. மற்ற விரல்களையும் வைத்தேன், ஒவ்வொன்றாக மறுத்தது. கோர்ட்டுக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டியே ரேகை தேய்ந்துவிட்டதாம். "செத்த நேரம் உக்காருங்கம்மா, கையக் கழுவிட்டு மறுபடி வைப்போம்" என்றாள் சேவை மையத்துப் பெண். நான் கோர்ட்டில் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவள். மனுக்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் அந்த வேலையின் சாரம். என்னையே ஒரு பெட்டி திருப்பி அனுப்பியதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. உட்கார்ந்தேன்.

பக்கத்து மேசையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளை தத்தெடுக்கப் பதிந்துகொண்டிருந்தார்கள். இப்போது அதற்கும் கம்ப்யூட்டர்தான். பெயர், வயது, வருமானம் எல்லாம் முடிந்து, உடற்குறை உள்ள பிள்ளை என்றால் சம்மதமா என்று ஒரு கேள்வி வந்தது. அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான். "இல்லைன்னே போடுங்க" என்றான். ஒரு சொடுக்கு. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். கேட்டவுடன் பதில் சொன்னார்களே, அதுவே பெரிது. எங்கள் அத்தைக்கும் மாமாவுக்கும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கோடை முழுதும் ஆயிற்று. பதில் சரியாகத்தான் வந்தது. வந்து சேரவேண்டிய இடத்துக்குத்தான் வந்து சேரவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். மாமாவுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. காலையில் பஸ்ஸில் போவார், சாயங்காலம் பஸ்ஸில் வருவார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள் ஒரு பெருங்கூட்டம். அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் ஒரு சுவர்க்கடிகாரமும்.

கம்பெனியில் கழித்த துணியை மாமா கொண்டுவருவார். அந்த வீட்டில் எல்லாமே வலைத்துணி. ஜன்னல் திரை அது, பால் வடிகட்டுவது அது, வெயிலில் காயும் மாங்காய் வற்றலுக்குப் போர்வை அது, ரேடியோவுக்கு உறையும் அதுவே. வீட்டுக்கே காயம்பட்டுக் கட்டுப் போட்டதுபோல் இருக்கும். வெளுப்புத்தூளும் கஞ்சியும் கலந்த ஒரு வாடை எப்போதும் உண்டு. இன்றைக்கும் ஏதாவது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் எனக்கு நோய் ஞாபகம் வராது, அத்தை வீடுதான் வரும்.

எனக்கு விவரம் தெரிந்தபோது அவர்கள் பிள்ளை கேட்டு ஜெபிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்தியிருந்தார்கள். சண்டை இல்லை. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான். "சாப்பாடு ஆறுதுன்னு மாமாகிட்ட சொல்லுட்டி" என்று அத்தை சுவருக்கு மேலாக என்னைக் கூப்பிடுவாள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப் போய்ச் சொல்வேன். மாமா அவள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சொன்னதும் எழுந்து வருவார். நான் வாசற்படியைத் தாண்டக்கூடாது. பிள்ளைகள் உள்ளே வந்தால் தரை அழுக்காகும் என்பது அத்தையின் கட்சி. கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் அன்றைக்கு மட்டும் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

ராஜபாளையத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. கோடை லீவில் அதை மூடிவிடுவார்கள். கிணறு வற்றும், சமையல்காரம்மா ஊருக்குப் போவாள். தூரத்துச் சொந்தமாவது இருக்கும் பிள்ளைகள் அங்கே போகும். ஒருவரும் இல்லாத பிள்ளைகளைச் சுற்றுவட்டாரத்துச் சபை வீடுகளில் பங்கிட்டு விடுவார்கள். 'லீவுப் பிள்ளை' என்று அதற்குப் பேர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளைக் கோயில் படியில் நிறுத்தி வைப்பார்கள். சபையார் தேவ அன்போடு வந்து, தண்ணீர் சுமக்கத் தெம்புள்ள பிள்ளையாகப் பார்த்துக் கூட்டிப்போவார்கள்.

அந்த வருஷம் கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சியது. ஏழு வயது இருக்கலாம். இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப் பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் இடது கையால் முட்டியை அழுத்தித்தான் காலை ஊன்றும். ஒரு குடத்தைக்கூட எடுக்க முடியாத பிள்ளையை யார் எடுப்பார்கள்? எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்போம். ஐயர் சுற்றிலும் பார்த்துவிட்டு அத்தையிடம் வந்தார். உங்க வீட்டில்தான் இடம் கிடக்கிறதே டீச்சர் என்றார். பிள்ளையில்லாத வீட்டைக் காலி வீடு என்று நினைப்பதில் ஐயர்மாருக்கும் ஊர்க்காரர்களுக்கும் வேறுபாடு கிடையாது.

"பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்குந்தான் ஐயா" என்றாள் அத்தை.

அந்தப் பிள்ளையின் கதை கொஞ்சம்தான் தெரியும். தாய் ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற கூலிக்காரி, செத்துவிட்டாள். தகப்பன் இல்லை. பிள்ளை விடுதியில் தமிழ் கற்றிருந்தது, நன்றாகவே பேசும். ஆனால் பயம் வந்தால் தமிழ் ஓடிவிடும். யாராவது அதட்டினால், நாய் குரைத்தால், தூக்கத்தில் எழுப்பினால் தெலுங்கு வரும், அதுவும் ஒற்றை வார்த்தைகளாக. எங்கள் தெருவில் தெலுங்கு தெரிந்தது எதிர்வீட்டு லாரிக்காரம்மா ஒருத்திக்குத்தான். அவள் அப்போது மகள் பிரசவத்துக்காக ராஜபாளையம் போயிருந்தாள்.

அத்தை அதற்குத் தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்தாள். கொடுமை எதுவும் இல்லை. வேளைக்குச் சோறு, வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய். விருந்தாளியை நடத்துவதுபோல் என்று சொல்லமாட்டேன். ஒப்படைத்த சரக்கை நடத்துவதுபோல். பிள்ளையும் அப்படியே இருந்தது. கூப்பிட்டால் வரும், கூப்பிடாவிட்டால் சுவரோரம் உட்கார்ந்திருக்கும். நான் கூப்பிடுவதைப் பார்த்து அதுவும் அவளை 'அத்தே' என்றுதான் கூப்பிட்டது. அத்தை அதைத் திருத்தவில்லை. லீவு முடிகிற வரைக்கும்தானே.

முதலில் இளகியது மாமா. அந்த மடங்கிய பாதம் தரையில் உரசி உரசி விரல்களின் மேல்தோல் பிய்ந்து கிடக்கும். மே மாதத்துத் தெரு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாயங்காலம் மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பேண்டேஜ் கம்பெனியில் இத்தனை காலம் இருந்தவர் முதல்முறையாக ஒரு மனிதக் காலில் பேண்டேஜ் சுற்றியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். விரல் விரலாகச் சுற்றினார். பிள்ளை முகத்தைச் சுளிக்காமல் அவர் வழுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதுதான் வேலை. கட்டு அவிழும், பழையபடி உரசிப் புண்ணாகும், மறுநாளும் கட்டுவார். கட்டு மேல் கட்டாகக் கட்டினார்களே தவிர, அந்தக் காலுக்கு ஒரு செருப்பு வாங்கலாம் என்று படித்தவர் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நொண்டிக் காலுக்கு எதற்குச் செருப்பு என்று ஊரே நினைத்தது. விடுதியும் அப்படியே நினைத்தது.

அத்தை இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் பிள்ளைக்குத் தலைவாரிவிடும்போது, கையில் ஈரமிருந்தால் துடைத்துக்கொள்வதுபோல் சாதாரணமாக, "ஒனக்கு என்னட்டி வேணும்?" என்று கேட்டாள். அந்த வீட்டில் யாரிடமும் யாரும் கேட்டிராத கேள்வி. பிள்ளை பயந்துவிட்டது. குனிந்த தலையோடு, "செப்பு" என்றது.

அத்தை சிரித்தாள். நான் வாசற்படியில் நின்றவள் திடுக்கிட்டுப் போனேன். அவளுக்குப் பல்வரிசை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் அத்தை இந்துக் கோயில் வாசல் கடைத்தெருவுக்குப் போனாள். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் சும்மா போவதில்லை. போய் ஒரு ஓலைப்பெட்டி நிறைய மரச்செப்பு வாங்கிவந்தாள். சிவப்பும் மஞ்சளும் அரக்குப் பூசிய குட்டிப் பானை, குட்டி அடுப்பு, அகப்பை, உரல், உலக்கை. நம் காலத்துப் பெண்பிள்ளைகளுக்கு அந்த அரக்கு வாசனை ஞாபகம் இருக்கும். ஈரக் கையால் தொட்டால் உள்ளங்கையில் சிவப்பு ஒட்டும். பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தது. எல்லாம் எடுத்த பிறகு பெட்டிக்குள் கையை விட்டு அடியிலும் துழாவிப் பார்த்தது. அப்புறம் அத்தையின் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தில் என்ன கண்டதோ, அடுப்பை எடுத்து வைத்துச் சமைக்க ஆரம்பித்துவிட்டது.

அத்தை தரையில் உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட சேலை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்து, இல்லாத சோற்றைப் பிசைந்து தின்று, உப்புப் பத்தவில்லை என்றாள். பிள்ளை இல்லாத உப்பை எடுத்துப் போட்டது. சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்தார். "அவியளுக்கும் ஒரு பானை வையி" என்றாள் அத்தை. சாப்பாடு ஆறுவதைத் தவிர, புருஷனைப் பற்றி அவர் காதுபட அவள் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அது. அன்றையிலிருந்து எனக்கும் உள்ளே வர உத்தரவு கிடைத்தது. தரை அழுக்காவதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து லாரிக்காரம்மா பேரன் பிறந்த இனிப்போடு வந்தாள். பிள்ளையைப் பிடித்து மடியில் வைத்துத் தெலுங்கில் விசாரித்தாள். பிள்ளை முதன்முறையாக நிறையப் பேசியது. பேசிக்கொண்டே காலைக் காட்டியது. லாரிக்காரம்மா சிரித்த சிரிப்பில் இனிப்புத் தட்டு சாய்ந்துவிட்டது.

"டீச்சரம்மா, எங்க பேச்சுல செப்புன்னா செருப்பு. காலுக்குக் கேட்டத நீங்க அடுப்புக்கு வாங்கிக் குடுத்திருக்கீக."

எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. அவள் எழுந்துபோய்ப் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து, மாமா சுற்றிய கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "வெளாட்டுச் சாமான் வேண்டாம்னு சொல்லக் கூடாதாட்டி?" என்றாள். "அத்தே சந்தோசமா இருந்தாக" என்றது பிள்ளை, நல்ல தமிழில்.

அன்று சாயங்காலமே மாமா அதைச் சைக்கிளில் வைத்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். நானும் கூட ஓடினேன். அங்கே செருப்புத் தைப்பவர் இரண்டு பாதத்தையும் தனித்தனியாக அட்டையில் வரைந்துகொண்டு, "ஜோடின்னு கேக்காதீக சார். இது தனி, அது தனி. ரெண்டும் சேந்து நடக்கும், அம்புட்டுத்தான்" என்றார். டயர் அடி, தோல் வார், இடது காலுக்கு மட்டும் உயர்த்திய குதியும் கணுக்காலைச் சுற்றி ஒரு பக்கிளும். போட்டுக்கொண்டு பிள்ளை நடந்தது. வலது கால் டப் என்னும், இடது கால் சர்ரென்று இழுபடும். கை முட்டிக்குப் போகவில்லை. டப், சர். டப், சர். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டே அது வீட்டுக்குள் எங்கே போகிறது என்று என்னால் சொல்ல முடியும். அந்தச் சத்தத்துக்கு நடுவில், இன்னொன்றும் புதிதாகக் கேட்டது: அத்தையும் மாமாவும் பேசிக்கொள்கிற சத்தம்.

அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று என் அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. வத்திராயிருப்பிலிருந்து வந்த மாம்பழக் கூடையைப் பங்கு வைக்கும் சாக்கில் அத்தையிடம் ஆரம்பித்தாள். வேறு பிள்ளையே கிடைக்காதா, பொட்டைப்பிள்ளை, அதிலும் கால் இப்படி, நாளைக்கு எப்படிக் கட்டிக் கொடுப்பீர்கள் என்று கேட்டாள்.

"கட்டிக் குடுக்கவா கேக்கேன்? வச்சுக்கிடக் கேக்கேன்" என்றாள் அத்தை.

ஆக, முடிவு எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் பிள்ளை அவர்களிடம் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? வேறு யாராவது என்றால் விடுதிக்குப் போய், 'பிள்ளையை நாங்களே வைத்துக்கொள்கிறோம்' என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வீடு சேர்ந்தன. ஆனால் மாமா கணக்கு வேலைக்காரர். எதையும் முறைப்படி செய்பவர். வக்கீலைப் பார்க்கப் போனார்.

வக்கீல் சொன்னது சட்டப்படி சுத்தமான உண்மை. பிற்காலத்தில் நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். அன்றைய நிலையில் கிறிஸ்தவர்களுக்குத் தத்து எடுக்கச் சட்டம் கிடையாது. இந்துக்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லை. வேண்டுமானால் ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டுக் கார்டியன் ஆகலாம். அதுவும் பிள்ளை மேஜர் ஆகிற வரைக்கும். துளசிப் பாத்தியில் கண்டெடுத்த பிள்ளையை ஒருவர் வளர்த்தார் என்பதற்காகத் தேர் இழுக்கிற ஊர் இது. அவர் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். லீவு முடிந்தும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டு மனுப் போட்டால், வலுக்கட்டாயமாக வைத்திருப்பதாக விடுதி ஆட்சேபிக்கலாம். ஒழுங்காகத் திருப்பி அனுப்புங்கள், மனுத் தாக்கல் ஆகிறவரை ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள், உத்தரவு வாங்கிக்கொண்டு போய்க் கூட்டி வாருங்கள். மாமாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பிள்ளையிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆசை காட்டிவிட்டு ஏதாவது தடங்கலானால் பாவம் என்றார். அவர் அளவுக்கு யோசிக்கிறவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

போகிற நாள் காலையில் விடுதி மேட்ரன் வந்தாள். கெட்டவள் இல்லை, நல்ல பெருத்த உடம்பு, குடையும் கையுமாக வியர்த்துக்கொண்டே வந்தாள். லாரிக்காரம்மா அன்றைக்குச் சுந்தரபாண்டியத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பிள்ளை தலை சீவிப் பூ வைத்துத் தயாராக நின்றது. மேட்ரன் அதன் காலைப் பார்த்துவிட்டு, விடுதியில் எல்லாப் பிள்ளையும் வெறுங்கால்தான், ஒன்று மட்டும் போட்டால் மற்றது அழும், கழற்றி வைத்துவிட்டு வா என்றாள். பிள்ளை குனிந்து பக்கிளை அவிழ்த்து, வாசலில் ஓரமாகச் சேர்த்து வைத்தது.

மேட்ரன் மோரைக் குடித்துவிட்டு, போகிற போக்கில், வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

"என்னட்டி, எங்கூட வாறியா? இல்ல இங்கனயே இருந்துக்கிடுதியா?"

மாமா அத்தையை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே என்ற பார்வை. பிள்ளை மேட்ரனைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. அத்தையை அண்ணாந்து பார்த்து, அவள் சேலையைப் பிடித்து இழுத்தது.

"அத்தா, செப்பு" என்றது. பயத்தில் 'அத்தே'கூடத் தெலுங்காகிவிட்டது. மறுபடியும், "செப்பு அத்தா."

அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேட்ரனிடம் கெஞ்சினாள். "செருப்பு கேக்குது. பாவம், போட்டுட்டு வரட்டும். விடுதிக்குப் போய்க் கழட்டி வச்சுக்கிடட்டும்." மேட்ரன் பெரிய மனது பண்ணிச் சரி என்றாள். அத்தை தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவளே அந்த இரண்டு செருப்பையும் மாட்டிவிட்டாள். பக்கிளைப் போட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பிள்ளை பிடித்திருந்த சேலையை மெதுவாக விட்டது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. மேட்ரன் குடைக்குக் கீழே நடந்தது. டப், சர். டப், சர். தெருமுனை வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. லாரிக்காரம்மா கல்யாணத்திலிருந்து திரும்பி அத்தை வீட்டுக்குள் போய்விட்டு வந்தாள். வரும்போது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தை வெளிச்சேலை கட்டி, கையில் பையோடு வாசலுக்கு வந்தாள். மாமா பின்னாலேயே வந்து நிலையில் கை வைத்து நின்றார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ராஜபாளையம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அத்தை பையோடு உள்ளே திரும்பினாள்.

மனு தயாராக மாதங்கள் ஆயிற்று. எதற்கென்று சொல்லாமல் வாங்கிய ஐயரின் சான்று, சொத்து விவரம், அப்போது மதுரையில் இருந்த ஜில்லா கோர்ட்டுக்கு நடை. இதற்கிடையில் மாமாவின் பஸ் தினமும் அந்த விடுதி வாசலைத் தாண்டித்தான் போகும். ஒருநாள்கூட இறங்கவில்லை. பார்த்தால் பிள்ளை ஏங்கும், உத்தரவோடு இறங்கிக்கொள்ளலாம் என்று அத்தையிடம் சொன்னாராம். ஜன்னலோரம் இடம் கிடைக்காத நாளில் நின்றுகொண்டே குனிந்து பார்ப்பாராம்.

விடுதியில் நடந்தது இது. திரும்பிப்போன பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. கேட்டால் தெலுங்கில் ஒற்றைச் சொல், அல்லது அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். அதட்டினால் அதற்கு எந்த மொழி வரும் என்று உங்களுக்குத் தெரியும். தமிழே தெரியாத பிள்ளையை இங்கே வைத்து என்ன செய்வது, தெலுங்குச் சீமையிலிருக்கும் வேறொரு விடுதிக்கு அனுப்பினால் அங்கேயாவது படிக்கும் என்று மேட்ரன் நல்லெண்ணத்தோடு யோசித்தாள். மழைக்காலம் தொடங்குமுன் அனுப்பியும் விட்டாள். அத்தையும் மாமாவும் அந்தப் பிள்ளைக்காக மனுத் தயார் செய்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. மூச்சு விடக்கூடாது என்றுதானே வக்கீல் சொல்லியிருந்தார்.

பிள்ளை இப்போது இங்கே இல்லை என்று விடுதி கோர்ட்டுக்குப் பதில் எழுதியதும் மனு திரும்பி வந்தது. மைனர் எந்த ஊரில் வசிக்கிறாளோ அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம் உண்டு. எனவே உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்துகொள்ளத் திருப்பப்படுகிறது. குறையே சொல்ல முடியாத குறிப்பு. நானும் என் காலத்தில் அதே வாசகத்தைப் பலமுறை எழுதியிருக்கிறேன்.

மாமா லீவு போட்டு ரயிலேறி அந்தச் சீமைக்குப் போனார். திரும்பி வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. அங்கேயிருந்தும் வேறெங்கோ அனுப்பிவிட்டார்களாம். எங்கே என்று அவர் கேட்டது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் அந்தச் சுவருக்கு அப்பால் பழையபடி கடிகாரம் மட்டும் கேட்டது. ஒரேயொரு மாற்றம், 'சாப்பாடு ஆறுது' என்று சொல்ல என்னையும் கூப்பிடவில்லை. மாமாவே நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். மரச்செப்பு ஓலைப்பெட்டியோடு அலமாரிக்கு மேலே ஏறியது. அதன்மேல் ஒரு வலைத்துணி.

வருஷங்கள் போயின. மாமா போய்ச் சேர்ந்தார். நான் கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் ராஜபாளையத்துக் கிழவி ஒருத்தி சொத்து வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்றாள். கேள்வி கேட்டாகிவிட்டது, கிழவி வாயைத் திறக்கவில்லை. பின் பெஞ்சிலிருந்து அவள் மகள் பொறுக்கமாட்டாமல், "செப்பம்மா, செப்பு" என்றாள். அரைகுறைத் தெலுங்கு தெரிந்த கோர்ட்டு ஏவலாள் டவாலி குனிந்து, யாரோ செருப்போடு உள்ளே வந்துவிட்டதாக நினைத்துப் பெஞ்சுக்கு அடியில் தேடினார். கோர்ட்டே சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் எழுந்து, "செருப்பு இல்லீங்க. 'சொல்லு'ன்னு சொல்லுது" என்றார்.

எனக்குக் கையிலிருந்த பேனா ஓடவில்லை. செப்பு என்றால் செருப்பு என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவள் நான். அதற்குமேல் அந்தச் சொல்லிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இருந்ததில்லை. இத்தனைக்கும் அதைத் தெலுங்கில் தேட வேண்டியதுகூட இல்லை. அத்தையிடம் நானே படித்திருக்கிறேன். செய்யுள் பாடத்தில் அவள் கரும்பலகையைக் குச்சியால் தட்டிக் கேட்பாள், 'செப்பினான்' என்றால்? 'சொன்னான் டீச்சர்' என்று வகுப்பே கத்துவோம்.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கண் மங்கியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பழுப்பேறிய வலைத்துணித் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தும் முடிவுக்கு வரமுடியாமல், கிழவியின் சாட்சியத்தை வேடிக்கைபோல் ஆரம்பித்தேன். டவாலி செருப்புத் தேடிய இடத்திலேயே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும்ட்டி. அன்னைக்குச் சாயங்காலமே லாரிக்காரம்மா சொல்லிட்டா. 'டீச்சரம்மா, அது செருப்பு கேக்கல. பதில நீங்க சொல்லுங்கன்னு கேட்டிருக்கு'ன்னா."

கடிகாரம் ஓடியது.

"கடைசி பஸ்ஸுக்குப் பொறப்பட்டேன். 'கொஞ்சம் பொறு, முறையாக் கூட்டியாருவோம், பொறவு ஒருத்தரும் பிரிக்க முடியாது'ன்னு ஒங்க மாமா சொன்னாக. நியாயமாத்தான் பட்டுச்சு." திரையின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்தாள். "நான் பதில் சொல்லல. செருப்ப மாட்டிவிட்டேன். போன்னு சொல்லுததுக்கு அதவிட வேற என்ன இருக்கு?"

அலமாரிக்கு மேலே பார்த்தேன். ஓலைப்பெட்டி அங்கேயே இருந்தது. அவளும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள், என்ன தெரிந்ததோ.

"ஏட்டி, ஒங்க கோர்ட்டுல சாட்சிகிட்ட கேள்வி கேப்பியளே, பதில் சொல்ல எம்புட்டு நேரம் குடுப்பிய?"

"கேட்டவுடனே சொல்லணும் அத்தே."

"சொல்லாட்டா?"

"செத்த நேரம் பாப்போம். பொறவு, 'சாட்சி பதில் சொல்லவில்லை'ன்னு எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவோம்."

"ம்" என்றாள் அத்தை. "அப்படியே எழுதிக்கோ."